பேய்க்குச் சேலை கட்டினோம்

பேயைப் பார்த்ததுண்டா, தோழர்களே? நாம் பார்த்திருக்கிறோம்! பார்த்தது மட்டுமா? பேய்க்குச் சேலை கட்டினோம், தலையைக் கலைத்துவிட்டோம், பசிக்கிறதென்று அது முனகியபோது ராகிக் களியும் அவரைக்காய்ச் சாறும் ஊட்டினோம், குளிர் தாங்காமல் அது தும்மியபோது கம்பளி போர்த்தி, "இன்னும் ஒரே ஒரு தடவை, அப்புறம் தூங்கலாம்" என்று கெஞ்சினோம். வணிகவியல் மூன்றாம் ஆண்டு பயின்ற பேய் அது! மீசையை மழிக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஆகவே, ஓசூரில் நாள் வாடகைக்கு வாங்கிய சவுரியை முன்புறமாகத் தொங்கவிட்டு அந்த மீசையை மறைத்தோம்.

படிப்பவர் சிரிப்பர். நாமும் சிரித்தோம், அன்று. சிரிப்பு அடங்கப் பத்து நாள் பிடித்தது. அடங்கிய கதையைத்தான் இங்கே எழுத வந்தோம்.

2018 டிசம்பர். கல்லூரியொன்றில் குறும்படப் போட்டி. பத்து நிமிடத்துக்குள் படம் இருக்க வேண்டும்; பொருள், அச்சம். நாம் ஐவர், ஐவருக்கும் சேர்த்து இரண்டு கைப்பேசி, ஒரு முக்காலி, கையிலே நாலாயிரம் ரூபாய். ஐவரும் பகுத்தறிவு பேசுவோர். பேசிப் பேசி விடுதியில் நண்பர்களைச் சலிப்படையச் செய்தோர். அப்படிப்பட்டவர்கள் பேய்ப்படம் எடுப்பதா என்று கேட்டனர் சிலர். "எடுப்போம்! பேயைக் காட்டுவோம், கடைசியிலே அதன் முகத்திரையைக் கிழிப்போம்!" என்று முழங்கினோம். முழக்கத்துக்கா பஞ்சம்!

இடம், தளி. ஓசூரிலிருந்து மத்திகிரி, பேளகொண்டப்பள்ளி வழியே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு. அந்தப் பக்கம் சிப்காட் ஆலைகளின் சங்கொலி. இந்தப் பக்கம் பனி மூடிய வயல். குளிர்ச்சி கண்டு மயங்கிய வெள்ளையர் இதனைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தனர் என்பார்கள். இன்று ரோசாவும் கொய்மலரும் விளையும் பசுமைக்குடில்கள் வெண்கூடாரம்போல் வரிசை வரிசையாக நிற்கின்றன. இஸ்ரேல் நாட்டுக் கூட்டுறவில் அமைந்த கொய்மலர் மகத்துவ மையமும் இங்குதான் இருக்கிறது. எல்லை தாண்டினால் கன்னட நாடு. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். ஒரே வீட்டில் கேட்பதும் உண்டு. நம்மில் ஒருவனின் பாட்டி வீடு தளிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தது. அவரை 'அஜ்ஜி' என்றே நாமும் அழைத்தோம். தங்க இடமும் களியும் இலவசம். தயாரிப்பாளருக்கு வேறென்ன வேண்டும்!

கதையும் எல்லை தாண்டி வந்ததே. 1990களில் பெங்களூரிலும் கர்நாடகத்துச் சிற்றூர்களிலும் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதி வைத்தனர். 'நாளை வா' என்பது பொருள். இரவில் பேய் வருமாம்; வீட்டாருக்கு அன்பானவர் குரலிலே அழைக்குமாம்; கதவைத் திறந்தவர் மாண்டாராம். ஆனால், கதவில் இந்த இரு சொற்களைக் கண்டால், படித்துப் பார்த்துத் திரும்பிவிடுமாம். மறுநாள் வருமாம், மறுபடியும் படிக்குமாம், மறுபடியும் திரும்புமாம்! எழுத்தறிவு பெற்ற பேய். இட்ட ஆணைக்கு அடங்கும் பேய். ஆனால், நேற்றுப் படித்ததை இன்று மறந்துவிடும் பேய்! இதே போன்றதொரு வாசகத்தைச் சுவரில் எழுதிவைத்து, 2018இல் 'ஸ்த்ரீ' என்ற இந்திப் படமும் வந்தது. அதைப் பார்த்த சூடு ஆறுவதற்குள் நம் கதை பிறந்தது.

கதை இதுதான். ஓர் ஊரில் எல்லாக் கதவிலும் 'நாளே பா'. நகரத்தில் படித்துத் திரும்பும் இளைஞன் ஒருவன், தன் வீட்டுக் கதவிலிருப்பதை அழிக்கிறான். அன்றிரவே புளியமரத்தடியில் வெண்சேலை உருவம்! ஊர் நடுங்குகிறது. நிலத்தை விற்றுவிட்டு ஓடத் துணிகிறது. இறுதியில், பேயை ஏவியவன் அந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்க நினைத்த செல்வன் என்பது வெளிப்படுகிறது. பெங்களூர் விரிய விரிய, ஓசூரைச் சுற்றி மண் பொன்னாகிவரும் நாளில் இது பொய்க்கதை அன்று என எண்ணினோம்.

புதுமை என்று மார்தட்டவும் வழியில்லை. நமக்கு முன்பே, 1951இல், ஜுபிடர் நிறுவனம் 'மர்மயோகி'யில் இந்த வழியைக் காட்டிவிட்டது. ராம்நாத் இயக்கியது, எம்.ஜி.ஆர். நடித்தது, எழுதியவர் ஏ.எஸ்.ஏ. சாமி, அண்ணாவின் 'வேலைக்காரி'யை 1949இல் படமாக்கிய அதே சாமி. செத்துப்போனதாக எண்ணப்பட்ட மன்னன் ஆவியாக உலவி, அரியணையைப் பறித்தவளை மருட்டுகிறான். பின்னர் அவன் உயிரோடிருப்பது தெரியவருகிறது. ஆவி பொய், அச்சம் மட்டும் மெய்! அப்படியிருந்தும் ஆவி தோன்றும் காட்சிகளுக்காகப் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப்படம் அது. இல்லாத பேய்க்குத் தணிக்கை அஞ்சிய விந்தை! அறுபத்தோரு ஆண்டு கழித்து, 2012இல், கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா'வும் வைரத்தை மறைக்க ஒருவன் கட்டிய கதையே பேய் என்றது. எனினும், முடிவில் ஒரு கதவைத் திறந்து நம்மை மீண்டும் ஐயத்தில் தள்ளிவிட்டது. 'நாம் அந்தக் கதவைத் திறக்கமாட்டோம்' என்று பெருமை பேசினோம். கவனியுங்கள், இந்தப் பெருமைதான் பின்னர் நம் தலையில் விடிந்தது.

படப்பிடிப்பு தொடங்கியது. தொழில் கற்றோம், அடிபட்டுக் கற்றோம்.

முதலில் இருட்டு. இருட்டைப் படம் பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்ற எளிய உண்மை நமக்குத் தெரியவில்லை. நள்ளிரவில் கைப்பேசி காட்டியது, புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறச் சேறு. பேயும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. பிறகுதான், பகலில் எடுத்து ஒளியைக் குறைத்து நீலம் ஏற்றி இரவாக்கும் பழைய வித்தையைப் படித்தறிந்தோம். பிரெஞ்சுக்காரர் அதற்கு 'அமெரிக்க இரவு' என்றே பெயர் வைத்திருக்கின்றனர். மாலை மங்கும் நேரத்து அரைமணிதான் நமக்கு வாய்த்த இரவு. நடுநிசிப் பேய் முழுவதும் மாலை ஆறு மணிக்கு உலவியதே!

இரத்தம், வெல்லப்பாகில் செஞ்சாயம் கலந்தது. 1968இல், ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் அருகே குறைந்த செலவில் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் சாக்லேட் பாகே இரத்தமாயிற்று. கருப்பு வெள்ளைப் படமாதலால் வேறுபாடு தெரியவில்லை. அதைப் படித்த துணிவு நமக்கு. ஆனால், பிட்ஸ்பர்க்கில் எறும்பு இல்லை போலும்! தளியில், 'பிணம்' ஒரு நிமிடம் கிடந்து, மறு நிமிடம் துள்ளி எழுந்து ஓடியது.

பனிக்குப் பஞ்சமில்லை. புகைக்கருவி வாடகை மிச்சம் என்று மகிழ்ந்தோம். ஆனால், அந்தப் பனி நம் அட்டவணையை மதிக்கவில்லை. விடியலில் வரும், நாம் எழுந்து கண்ணைக் கசக்குமுன் போகும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆசான், ஒலி. ஒலியை நிறுத்திவிட்டு நம் காட்சிகளைப் பார்த்தோம், சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டோம், முதுகு சிலிர்த்தது. சருகு மிதிபடும் ஓசை, தொலைவில் ஒரு நாயின் ஊளை, பிறகு ஒன்றுமே இல்லாத மூன்று நொடி. அந்த மூன்று நொடியில்தான் பேய் இருக்கிறது! 1942இல் ஹாலிவுட்டில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர், கைச்செலவுக்குப் போதாத பணத்தில் 'கேட் பீப்பிள்' என்ற படத்தை எடுத்தார். இரவில் தனியே நடக்கும் பெண். பின்னே ஏதோ வருகிறது. பார்ப்பவர் மூச்சடக்கி நிற்கையில் சீறிக்கொண்டு வருகிறது ஒரு பேருந்து! கொட்டகையே அலறியது. விலங்கைக் காட்டவே இல்லை. காட்டாததை மனிதன் தானே வரைந்துகொள்வான். தன் வீட்டில், தன் தெருவில், தான் ஏற்கெனவே வெறுப்பவர் முகத்தில் வரைந்துகொள்வான். இதில் பாதியை அன்று அறிந்தோம். மறுபாதிக்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் இரவு ஏழு மணி. அஜ்ஜி ஓடி வந்தார். "ஆனை வந்திருக்குதாம், எல்லாரும் உள்ளே வாங்கப்பா!" என்றார். பன்னர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு ஆண்டுதோறும் ராகி முற்றும் பருவத்தில் யானைக்கூட்டம் இறங்குகிறது. ஊரே தீப்பந்தமும் பட்டாசுமாக வயலோரம் நின்றது. நம் பேய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னதாக வீட்டுக்குள் பாய்ந்தது! அந்த ஊரில் இரவென்றால் உழைத்து விளைத்ததைக் காக்க விழித்திருக்கும் நேரம். உண்மையான அச்சத்தோடு ஆண்டுதோறும் போராடும் மக்களுக்கு, நாம் பொய்யச்சம் ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

ஓசூர் திரும்பினோம். படத்தொகுப்புக்கு ஒரு வாரம். அதற்குள் ஒருவனுக்கு ஒரு யோசனை. "முன்னோட்டம் ஒன்று விட்டால் என்ன? நாலு பேர் பார்க்கட்டுமே" என்றான். நாற்பது நொடித் துண்டு: பனி, புளியமரம், கதவில் 'நாளே பா', வெண்சேலை உருவம் திரும்புகிறது, இருட்டு. படத்தின் பெயரைப் போடவில்லை. மர்மம் கூடும் என்ற நினைப்பு. வாட்ஸ்அப்பில் விட்டோம். விடுதியில் கைதட்டல். மறுநாள் நமக்கே அது திரும்பி வந்தது. நாம் எழுதாத வரியொன்று அதன் தலையில் ஏறியிருந்தது: தளிக் காட்டோரம் பேய் நடமாட்டம், இரவில் வெளியே வராதீர்!

பெருமைப்பட்டோம், தோழர்களே! அதை மறைப்பானேன்? "உண்மையென்றே நம்பிவிட்டார்களடா!" என்று தோளில் தட்டிக்கொண்டோம். பத்து நிமிடப் படத்தில் ஒன்பது நிமிடம் அச்சம், ஒரு நிமிடம் அறிவு. அந்த ஒரு நிமிடம் நம் கணினியிலேயே உறங்கியது. அச்சம் மட்டும் ஊர்வலம் போயிற்று. அந்த வரியை நாம் எழுதவில்லை என்பது மெய். எழுதியிருக்க வேண்டிய வரியை எழுதாமல் விட்டோம் என்பதும் மெய்.

பத்தாம் நாள் அஜ்ஜி தொலைபேசியில் அழைத்தார். "சினிமா எடுக்கிறோம்னு எங்கிட்டே சொன்னீங்க. ஊரிலே சொன்னீங்களா?" என்றார். நாம் விழித்தோம். "உடனே வாங்க" என்றார், வைத்துவிட்டார்.

அந்த ஊரின் ஓரத்தில் ஓர் அம்மையார் தனியே வாழ்ந்துவந்தார். வயது ஐம்பதிருக்கும். கணவர் இல்லை. மகள் கட்டிக்கொடுத்த ஊரில். ரோசாத் தோட்டத்தில் பூப்பறிக்கும் வேலை. விடியலுக்கு முன்னே, பனியிலே, வெளிறிய சேலையின் முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, கையில் சிறு விளக்கோடு, புளியமரத்தைக் கடந்து சாலைக்கு வருவார். அங்கே வேலையாட்களை ஏற்றிச்செல்லும் வண்டி வரும். ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் நடந்தார். யாரும் அஞ்சியதில்லை. நம் நாற்பது நொடிக்குப் பிறகு அஞ்சினார்கள்! மரம் அதே மரம். பனி அதே பனி. சேலையும் ஏறக்குறைய அதே சேலை. யாரோ கல்லெறிந்தனர், முழங்கையில் காயம். குழந்தைகள் அவரைக் கண்டு அலறின. வண்டியில் உடன்வரும் பெண்கள், "அவள் ஏறினால் நாங்கள் ஏறமாட்டோம்" என்றனர். வண்டிக்காரர் என்ன செய்வார்? ஏழு நாள் வேலையில்லை. ஏழு நாள் கூலியில்லை.

அவர் வீட்டு வாயிலில் போய் நின்றோம். கதவில் கரிக்கட்டியால் எவரோ எழுதியிருந்தனர்: 'நாளே பா'.

தலை குனிந்து நடந்ததைச் சொன்னோம். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பேய்னு சொன்னாக்கூடப் பரவாயில்லை தம்பி. பேய்க்கு வயிறு இல்லை. எனக்கு இருக்குதே" என்றார்.

அந்த இரவு அஜ்ஜி வீட்டுத் திண்ணையில் உறக்கம் வரவில்லை. ஒருவன் கேட்டான்: "ஏனடா பேய்க்குச் சேலை கட்டினோம்? வேட்டி கட்டியிருந்தால் என்ன?" எவரிடமும் மறுமொழி இல்லை. நடித்தவன் ஆண், எழுதியவர் ஆண், கதையில் சதி செய்தவனும் ஆண். ஆனாலும், வெண்சேலையும் விரிகூந்தலும்தான் நமக்குத் தோன்றின. தோன்றியதை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. 1964இல் வின்சென்ட் இயக்கி, பஷீர் எழுதிய 'பார்கவி நிலையம்' தொடங்கி, 2005இல் வந்த 'சந்திரமுகி' வரையில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. அந்தப் படங்களிலெல்லாம் பேயென அஞ்சப்படுபவள் கொடுமைக்கு ஆளானவளே என்பதைக் கூட மறந்து, உடையை மட்டும் கடன் வாங்கினோம். அச்சத்தின் முகம் பெண். ஆதாயத்தின் முகம் ஆண். இதை எழுதியவர் மூடநம்பிக்கைக்காரர் அல்லர். மேடையேறிப் பெண்விடுதலை பேசிய நாம்! முன்சொன்ன ரொமேரோவின் படத்தில், அந்த 1968இலேயே, நாயகனாக நின்றவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கருப்பினத்தவர். பிணங்களிடமிருந்து தப்பியவனை, விடிந்ததும் துப்பாக்கி ஏந்தி வந்த மனிதர் கூட்டம் பேயென்று எண்ணிச் சுட்டு வீழ்த்துகிறது. இரத்தப் பாகு செய்யும் முறையை அந்தப் படத்திடமிருந்து கற்றோம்; கற்க வேண்டியதை விட்டுவிட்டோம்.

மறுநாள் மாலை ஊர் நடுவே படம் காட்ட இசைவு கேட்டோம். சிலர் முணுமுணுத்தனர், அஜ்ஜி இரண்டு பெரியவர்களை அழைத்துப் பேசினார், இசைவு கிடைத்தது. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், 1963இல், ஏமாற்று வழியின்றித் தெய்வீக ஆற்றலை மெய்ப்பித்துக் காட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவினார். கடைசிவரை எவரும் அதைப் பெறவில்லை. நம் பக்கத்துக் கழக மேடைகளில் 'மந்திரமா? தந்திரமா?' என்று கேட்டு, வித்தையையும் காட்டி, வித்தையின் சூட்சுமத்தையும் காட்டுவர். நமக்கு அந்த அளவு திறமில்லை. செய்ததைத் திருப்பிச் செய்து காட்டுவதுதான் தெரிந்த வழி.

போர்வையைத் திரையாகக் கட்டினோம். முதலில் அந்த நாற்பது நொடி. கூட்டத்தில் மூச்சில்லை. பிறகு விளக்கைப் போட்டோம். நம் தோழன் எல்லோரும் காணச் சேலை கட்டினான், சவுரி வைத்தான், மீசையைக் காட்டினான், புளியமரம் வரை நடந்து திரும்பினான். சிறுவர் கைகொட்டிச் சிரித்தனர். ஒரு சிறுமி சவுரியைக் கேட்டு வாங்கித் தானும் வைத்துக்கொண்டாள். முழுப்படத்தையும் போட்டோம், நிலம் பறிக்கும் செல்வன் அகப்பட்டபோது பின்வரிசையில் ஒருவர், "இவனை எனக்குத் தெரியும்!" என்று உரக்கச் சொல்ல, பெருஞ்சிரிப்பு. கடைசியில் நாமே எழுந்து, பெயர் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம்.

வெற்றி என்று எழுத ஆசைதான். முழு வெற்றி அன்று. ஒரு பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்க எடுத்தது பொய், ஒத்துக்கிறேன். நான் போன வாரம் பார்த்தது வேற." அவரை வெல்லும் வாதம் நம்மிடம் இல்லை, அந்த இரவில் தேடவும் இல்லை. அம்மையார் வண்டியில் ஏற இன்னும் எட்டு நாள் ஆயிற்று. இழந்த கூலியை ஐவரும் திரட்டிக் கொண்டுபோனோம். வாங்க மறுத்தார். "கொடுக்கிறதுன்னா, அந்தக் கதவைக் கழுவிக் கொடுங்க" என்றார். கழுவினோம். கரி போயிற்று, சுவடு கொஞ்சம் நின்றது. மறுமுறை போனபோது நீலச் சாயம் பூசியிருந்தார்.

படத்தை மாற்றித் தொகுத்தோம். மீசைக்காரன் சேலை கட்டுவதே முதற்காட்சி. பேயைப் பார்ப்பவர் எல்லோரும் அது யாரென அறிந்தே பார்ப்பர். போட்டிக்கு அனுப்பினோம். நடுவர் ஒருவர், "தொடக்கத்திலேயே சொல்லிவிட்டீர்களே, பயமே வரவில்லை" என்றார். பரிசில்லை. அவர் சொன்னது கலையளவில் சரியென்றே இன்றும் எண்ணுகிறோம். கொட்டகையில் அமர்ந்து பார்ப்பவனுக்கு முடிவு வரும்வரை காத்திருக்க நேரமுண்டு. மர்மயோகி காலத்துக் கொட்டகையில் கதவைச் சாத்திவிட்டு முழுப்படத்தையும் காட்டினார்கள். கைப்பேசியில் கதவு கிடையாது. எந்த நொடியில் வேண்டுமானாலும் வெட்டுவர். எந்தத் தலைப்பையும் ஒட்டுவர். இரண்டுக்கும் பொருந்தும் பேய்ப்படத்தை எப்படி எடுப்பது? நம் ஐவருக்குள் இன்றும் தீராத வழக்கு அது. ஒருவன், ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் படத்தின் பெயரைப் பொறிக்கவேண்டும் என்கிறான். மற்றொருவன், இனி நகைச்சுவைப் படந்தான் என்கிறான். பேயாக நடித்தவன் அவன்.

சென்ற ஆண்டு, வேறு மாவட்டத்து நண்பர் ஒருவர் நமக்கொரு காணொளி அனுப்பியிருந்தார். பனி, புளியமரம், 'நாளே பா', திரும்பும் வெண்சேலை. தலைப்பில் தளி இல்லை. நாம் ஒருநாளும் போயிராத ஓர் ஊரின் பெயர் இருந்தது. "உண்மையா?" என்று கேட்டிருந்தார். மீசையும் சவுரியுமாக நம் தோழன் களி தின்றுகொண்டிருக்கும் படத்தைத் தேடியெடுத்து அனுப்பினோம். அதை யாரிடமிருந்து பெற்றாரோ அவருக்கும் அனுப்பச் சொன்னோம். அனுப்பினாராம். அதற்கு அப்பால் போயிற்றா என்று ஒவ்வொரு வாரமும் கேட்டு வருகிறோம்.